மருத்துவரிடம் கேளுங்கள்: பிரையோனியாவைத் துயரர் வழியே படித்தல்

இம்மாதம் மும்பைத் தமிழர்களிடமிருந்து வந்த கடிதங்களுள் ஐந்து, ஒன்றையொன்று அறியாமலேயே ஒரே பொருளைத் தொட்டு நின்றன. பிரையோனியா போன்ற ஹோமியோபதி மருந்து ஒன்றை நோயாளிகளின் வரலாறுகளிலிருந்து கற்க முடியுமா, கற்றால் அந்த அறிவு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதே அந்தப் பொருள். மாட்டுங்காவில் முப்பது ஆண்டுகளாக இந்த மருத்துவத்தைச் செய்துவருபவன் என்ற முறையில், ஐந்துக்கும் இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நோயாளியை எங்கள் துறைத் தமிழில் ‘துயரர்’ என்போம். அந்தச் சொல்லையே இங்கும் கையாள்கிறேன்.

கேள்வி: நான் பி.எச்.எம்.எஸ். என்ற ஹோமியோபதிப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. பிரையோனியாவின் குறிகளை, மருந்துகளையும் அவற்றுக்குரிய நோய்க்குறிகளையும் தொகுத்த நூலான மெட்டீரியா மெடிக்காவிலிருந்து வரி பிசகாமல் ஒப்பிப்பேன். ஆனால் புறநோயாளர் பிரிவில் பேராசிரியர் ஒரு நோயாளியைக் காட்டி, “இவருக்கு என்ன மருந்து?” என்று கேட்டபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவர் எழுதியது பிரையோனியா. “இனிமேல் மருந்தைத் துயரர் வரலாறுகள் வழியாகப் படி” என்றார். எப்படிப் படிப்பது என்பதை அவர் சொல்லவில்லை.
— ஒரு மாணவி, ஆண்டாப் ஹில்

பதில்: உங்களுக்கு அடையாளம் தெரியாமற்போனது நினைவாற்றலின் குறை அன்று. மெட்டீரியா மெடிக்காவில் பிரையோனியா என்ற தலைப்பின்கீழ் அச்சாகியிருப்பவை ஒரே மனிதரின் குறிகள் அல்ல. உடல்நலத்தோடு இருந்த பலர் அந்த மருந்தை உட்கொண்டு தத்தம் உடலில் கண்டவை, நச்சு வேராக அதைத் தின்றவர்களிடம் காணப்பட்டவை, பிற்காலத்தில் மருத்துவர்கள் தம் துயரர்களிடம் கண்டு சேர்த்தவை ஆகிய எல்லாவற்றின் தொகுப்பு அது. அந்தப் பட்டியல் முழுவதையும் தாங்கி ஒரு மனிதர் ஒருநாளும் உங்கள் முன் வந்து உட்காரமாட்டார். நான்கைந்து குறிகளோடுதான் வருவார், அவற்றிலும் இரண்டைக் கேட்டால்தான் சொல்லுவார். ஆகவே பட்டியலை மனப்பாடம் செய்தவருக்குத் துயரர் எப்போதும் குறையுள்ளவராகவே தெரிவார்.

செடியிலிருந்து தொடங்குங்கள். பிரையோனியா ஆல்பா ஐரோப்பாவின் வேலிகளில் படரும் கொடி. நம் கோவை, பாகல், பீர்க்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பருத்த வேர் கடும் பேதியை உண்டாக்கும் நஞ்சு. மருந்து செய்யப் பயன்படுவதும் அந்த வேரே.

அடுத்து, இந்த மருந்தின் மிகப் பழைய வரலாறுகளில் ஒன்றைப் படியுங்கள். ஹோமியோபதியை நிறுவிய சாமுவேல் ஹானிமன் தம் ‘மெட்டீரியா மெடிக்கா பூரா’வின் முகவுரை ஒன்றில் அதை எழுதியிருக்கிறார். 1815-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள், சுமார் 40 வயதுள்ள சலவைத் தொழிலாளி ஒருத்தி அவரிடம் வந்தாள்; மூன்று வாரங்களுக்கு மேலாக அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. அசைந்தால், அதிலும் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும், கால் தவறி மிதித்தால் எல்லாவற்றிலும் மோசமாக, இடப்பக்கத்திலிருந்து புறப்பட்டு மார்புக்குழியில் வந்து குத்தியது. படுத்துவிட்டால் வலியே இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குமேல் உறக்கம் இல்லை. உணவு ருசித்தது, ஆனால் சிறிது உண்டதுமே குமட்டலும் வாயில் நீர் ஊறுதலும் வந்தன. உணவுக்குப்பின் வெற்று ஏப்பம் வந்தது. எளிதில் சினம் கொள்ளும் இயல்புடையவள். ஹானிமன் இவற்றை ஒவ்வொன்றாக எண்ணிட்டு எழுதினார்; அதன்பின் மார்புக்குழிக் குத்தலை உண்டாக்கக்கூடிய பெல்லடோனா, சைனா, ரஸ் டாக்ஸ் போன்ற மருந்துகளை வரிசையாக எடுத்து, அவை எதுவும் ‘அசையும்போது மட்டும்’ என்ற நிபந்தனைக்குப் பொருந்தவில்லை என்று விலக்கி, மற்றக் குறிகளையும் அவ்வாறே ஒப்பிட்டு, பிரையோனியாவில் வந்து நின்றார். மறுநாளே அவள் சலவைக்குத் திரும்பிவிட்டாள்.

இந்த வரலாற்றில் நீங்கள் கற்க வேண்டியது அவள் குணமானதை அன்று, மற்ற மருந்துகள் விலக்கப்பட்ட முறையை. ‘குத்தல்’ என்ற குறி எத்தனையோ மருந்துகளுக்குப் பொது. அந்தக் குத்தல் எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது என்பதே ஒரு மருந்தை மற்றொன்றிலிருந்து பிரிக்கிறது. இன்னும் ஒன்றையும் கவனியுங்கள். அவளுக்குக் கொடுக்கப்பட்டது இன்று கடைகளில் விற்கும் 30-ஆம், 200-ஆம் வீரியம் (அத்தனை முறை நீர்த்த மருந்து) அன்று; நீர்க்காத வேர்ச்சாற்றின் ஒரு முழுத் துளி. உடல் உறுதியுள்ள உழைப்பாளி என்பதால் அப்படிக் கொடுத்ததாக ஹானிமனே காரணம் சொல்லியிருக்கிறார். வரலாற்றை மூலத்தில் படிக்காமல் சுருக்கத்தில் படிப்பவர்களுக்கு இத்தகைய செய்திகள் தவறிப்போகும்.

இனி உங்கள் கல்லூரிப் பதிவறைக்குப் போங்கள். பேராசிரியரின் இசைவோடு பிரையோனியா கொடுக்கப்பட்ட பத்துப் பதிவேடுகளையும், வேறு மருந்துகள் கொடுக்கப்பட்ட பத்தையும் ஒன்றாகக் கலந்து, மருந்தின் பெயர் உள்ள இடத்தை ஒரு தோழியைக் கொண்டு தாள் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் முழுவதும் படித்து, நீங்களாக இருந்தால் எதைக் கொடுத்திருப்பீர்கள் என்றும், எந்த ஒரு குறிக்காகக் கொடுத்திருப்பீர்கள் என்றும் ஒரு வரி எழுதிய பிறகே தாளைப் பிரியுங்கள். நீங்கள் தவறிய பதிவேடுகளே உங்கள் உண்மையான பாடநூல். என் மாணவப் பருவத்தில் ரஸ் டாக்ஸ் துயரர்களைத் திரும்பத் திரும்பப் பிரையோனியா என்று நான் எழுதியிருக்கிறேன்; இரண்டிலும் அசைவால் வலி உண்டு என்பதே காரணம். ரஸ் டாக்ஸில் எழுந்து எடுத்து வைக்கும் முதல் சில அடிகள்தாம் கொடுமை, நடக்க நடக்க உடல் இளகிவிடும் என்ற வேறுபாட்டை நூலில் நூறுமுறை படித்திருந்தும், அது எனக்கு விளங்கியது தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர், “காலையில கூடையத் தூக்குற வரைக்குந்தான் சார் பாடு, மாஹிம் தாண்டிட்டா இடுப்பு இருக்கிறதே தெரியாது” என்று சொன்ன நாளில்தான்.

பதிவேடுகளைப் படிக்கும்போது எண்ணிக்கையையும் கவனிக்கப் பழகுங்கள். பிரையோனியா என்றதும் மாணவர்கள் எல்லாரும் ‘பெருந்தாகம், ஒரே நேரத்தில் நிறைய நீர் குடித்தல்’ என்று எழுதுகிறீர்கள். ஒரு பேச்சுக்கு, பிரையோனியாவால் நலம் கண்டதாகக் கருதப்பட்ட 100 பேரில் 60 பேருக்கு அந்தத் தாகம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மே மாத மும்பையில் பிற துயரர்கள் 100 பேரைக் கேட்டால் அவர்களிலும் 50 பேர் அப்படியே சொல்லுவார்கள் என்றால், அந்தக் குறி உங்களுக்குத் தெரிவித்தது மிகக் குறைவு. ‘வலியுள்ள பக்கமாகவே படுத்தால் இதமாக இருக்கிறது’ என்பதை முன்னவர்களில் 20 பேரும் பின்னவர்களில் 4 பேரும் மட்டுமே சொல்லுவார்கள் என்றால், எண்ணிக்கையில் சிறியதாக இருந்தாலும் இதுவே ஐந்து மடங்கு பேசும் குறி. ஹோமியோபதி மருத்துவர் கென்ட் தொகுத்த, குறியைக் கொண்டு மருந்தைத் தேட உதவும் மருந்துகாண் ஏட்டில் தடித்த எழுத்து, சாய்வெழுத்து, சாதாரண எழுத்து என்று மூன்று தரங்கள் இருப்பதை அறிவீர்கள். அந்தத் தரங்கள் இவ்வாறு ஒப்பிட்டுக் கணக்கிடப்பட்டவை அல்ல. அதிகமாகப் பயன்படுத்தப்பட்ட மருந்துகள் அதிகத் தலைப்புகளில் இடம்பிடித்துவிட்டன என்ற குறைபாட்டை எங்கள் துறை ஆய்வாளர்களே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். தடித்த எழுத்தைக் கண்டவுடன் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஹோமியோபதி இதழ்களில் குணமானவர்களின் வரலாறுகளே வருகின்றன. குணமாகாதவர்கள் எங்கே போனார்கள்? நூறு பேர் குணமான வரலாறு சேர்ந்துவிட்டால் அது சான்று ஆகிவிடாதா?
— ஒரு வாசகர், செம்பூர்

பதில்: குணமாகாதவர்கள் வேறு மருத்துவரிடம் போய்விடுகிறார்கள், எங்கள் பதிவேட்டில் அவர்களுடைய பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. அதனாலேயே நூறு வரலாறுகள் சேர்ந்தாலும் சான்று ஆவதில்லை. எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்ற எண் இல்லாமல், எத்தனை பேர் குணமானார்கள் என்ற எண்ணுக்குப் பொருள் இல்லை.

இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் தொழில் தொடங்கிய நான்காம் ஆண்டு மழைக்காலத்தில், தோல் பட்டறையில் வேலை பார்த்துவந்த 28 வயது இளைஞர் ஒருவர் வந்தார். வலது விலாவில் குத்தல். மூச்சை இழுத்தால் கூடியது, இருமினால் கூடியது, அசையாமல் இருந்தால் குறைந்தது. “அந்தப் பக்கமாவே ஒருச்சாய்ச்சுப் படுத்தாத்தான் சார் தேவலாம்” என்றார். சிறு காய்ச்சல், வறண்ட இருமல், தாகம், யாரும் பேசினால் எரிச்சல். மெட்டீரியா மெடிக்காவின் பக்கம் ஒன்று எழுந்து நடந்து வந்ததுபோல் இருந்தது எனக்கு. பிரையோனியா கொடுத்தேன். நான்காம் நாள் வந்து குத்தல் பெரும்பாலும் போய்விட்டது என்றார். ‘நல்ல முன்னேற்றம்’ என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டேன். மாணவர்களுக்குக் காட்ட வேண்டிய வரலாறு என்று ஓரத்தில் குறித்தும் வைத்தேன்.

மூன்றாம் வாரம் அவர் மூச்சுத் திணறலோடு வந்தார். முதுகில் விரல் வைத்துத் தட்டியபோது வலப்பக்கம் கீழே மந்தமான ஒலி. எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. சோதனைகளின் முடிவில் காசநோய் என்று தெரிந்தது. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் இரண்டு சவ்வுகளும் அழற்சியால் ஒன்றோடொன்று உரசும்போது அந்தக் குத்தல் வரும். அவற்றுக்கு நடுவே நீர் சேரத் தொடங்கியதும் சவ்வுகள் விலகும், உரசல் நிற்கும், குத்தல் தணியும். நான் முன்னேற்றம் என்று எழுதிய அந்த நாளில் அவருடைய நோய் முற்றிக்கொண்டிருந்தது. ஆறு மாதக் கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு மருத்துவமனையில் முடித்து அவர் நலம் அடைந்தார். ஆனால் என்னால் அவர் இழந்த அந்த வாரங்களை நான் மறக்கவில்லை. அந்தப் பதிவேட்டை இன்றும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

அந்தக் குறிகளில் மருந்துக்கே உரியது என்று நான் எண்ணியது எதுவும் உண்மையில் மருந்துக்கு உரியதாக இல்லை. வலியுள்ள பக்கமாகப் படுத்தால் அந்தப் பக்கத்து விலாக்கூடு அசைவது குறையும். ஆகவே சவ்வழற்சி உள்ளவர்களுக்கு அது இதமாக இருப்பது இயல்பு. ஹானிமனின் ‘ஆர்கனான்’ நூலின் 153-ஆம் மணிமொழி (பத்தி), வியப்பூட்டும், தனித்தன்மையுள்ள, வழக்கத்துக்கு மாறான குறிகளையே முதன்மையாகக் கொள்ளச் சொல்கிறது. ஒரு குறி வழக்கத்துக்கு மாறானதா என்பதை அறிய, அந்த நோயில் வழக்கமானது எது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். நோயை அறியாதவருக்கு எல்லாக் குறிகளும் அபூர்வமாகவே தோன்றும். அன்று நான் முதலில் எடுத்திருக்க வேண்டியது ஸ்டெதஸ்கோப். மருந்துப் பெட்டியைத் திறந்திருக்க வேண்டியது அதற்குப் பிறகு.

பெரும்பாலான வரலாறுகளில் இவ்வளவு கொடுமை நேர்வதில்லை. ஆயினும் அதே மயக்கம் சிறிய அளவில் எங்கும் உண்டு. சளிக் காய்ச்சல் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே நீங்கும். மூட்டுவலியும் ஒற்றைத் தலைவலியும் ஏறி இறங்கும் இயல்புள்ளவை. ஏற்றத்தின் உச்சியில்தான் மனிதர் மருத்துவரைத் தேடி வருவார், ஆகவே எந்த மருந்தைக் கொடுத்தாலும், கொடுக்காமலே இருந்தாலும், அடுத்து வருவது இறக்கமாகவே இருக்கும். ஒரு மணிநேரம் தம் துயரைக் குறுக்கீடின்றி ஒருவர் கேட்டார் என்பதாலேயே வரும் ஆறுதலும் உண்டு. அதை நான் சிறிதாக எண்ணவில்லை, ஆனால் அதை மருந்தின் கணக்கில் எழுதக்கூடாது. இவற்றை மருந்தின் விளைவிலிருந்து பிரித்துக் காட்ட ஒற்றை வரலாற்றால் முடியாது. மருந்தும் வெற்று உருண்டையும் யாருக்கு எது என்று தெரியாத வகையில் கொடுத்து ஒப்பிடும் சோதனைகளே வேண்டும்.

அந்தச் சோதனைகள் என்ன சொல்லின என்பதையும், என் துறைக்கு உவப்பில்லாததாக இருந்தாலும், உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல, மருத்துவ ஆய்வுக் கழகம் 2015-இல் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்து, ஹோமியோபதி பயன்தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று உள்ள நோய்நிலை எதுவும் இல்லை என்று முடிவு கூறியது. எங்கள் துறையினர் அந்தப் பரிசீலனையின் முறையை மறுத்து எழுதியிருக்கிறார்கள். ஆயினும் உலக மருத்துவ அறிவியலாளரின் பெரும்பான்மைக் கருத்து அதுவே. நூற்றுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முறை நீர்த்துவிட்டால், மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் மிஞ்சியிருக்கும் வாய்ப்பு அரிதாகிவிடுகிறது என்பது வேதியியல் கணக்கு. 30-ஆம் வீரியம் அந்த எல்லையை நெடுந்தூரம் கடந்தது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு என்னிடம் வருபவருக்கே நான் மருத்துவம் பார்க்க விரும்புகிறேன்.

வரலாறுகளை எழுதும் முறையைத் திருத்தும் முயற்சியும் நடக்கிறது. எல்லா மருத்துவத் துறைகளுக்கும் பொதுவாக, ஒரு துயரர் வரலாற்றில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்று வகுத்த ‘கேர்’ நெறிமுறை 2013-இல் வெளிவந்தது. ஹோமியோபதிக்கென அதன் விரிவு ‘ஹோம்-கேஸ்’ என்ற பெயரில் 2016-இல் வந்தது. துயரருக்குத் தீங்கு நேர்ந்ததா, அதே காலத்தில் வேறு சிகிச்சை நடந்ததா என்பவற்றை மறைக்காமல் எழுதச் செய்வது இவற்றின் நோக்கம். மும்பையைப் பொறுத்தவரை, இதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே ஹோமியோபதி மருத்துவர் எம்.எல். தவலே அவர்கள் ஒரே சீரான பதிவேட்டு முறையை உருவாக்கித் தம் மாணவர்களைப் பழக்கினார். ஊரில் இப்படி ஒரு மரபு இருந்தும், வெற்றிகளை மட்டும் பொறுக்கி அச்சிடும் வழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை என்பது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. இதழாசிரியர்கள் ஒவ்வோர் இதழிலும் தோல்வியடைந்த வரலாறு ஒன்றையாவது வெளியிட வேண்டும் என்று பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், இங்கும் கேட்கிறேன்.

கேள்வி: நான் ஒரு ஹோமியோபதி கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் சொல்வதை நான் இந்தியில் சொல்ல, அவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிறார். சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே ஐயமாக இருக்கிறது. எந்த வலியைச் சொன்னாலும் ‘தர்த்’ என்றுதானே சொல்ல வேண்டியிருக்கிறது?
— ஒரு வாசகி, தாராவி

பதில்: அம்மா, இந்த மாதம் வந்த கேள்விகளில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது உங்களுடையது. துயரர் வரலாறு கெட்டுப்போகும் முதல் இடம் நீங்கள் நிற்கும் அந்த இடமே. அதைத் தடுக்கக்கூடியவரும் நீங்களே.

தமிழில் வலி என்பது ஒரு பொருள் அன்று. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, காந்தல், எரிச்சல், இழுப்பு, விண்விண் என்று தெறித்தல், மதமதப்பு ஆகியவை தனித்தனி அனுபவங்கள். எலும்புக்குள் துருவுவதுபோல் இருப்பதையே நம் மக்கள் குடைச்சல் என்பார்கள். நாள் முழுதும் நின்று வேலை செய்த கால் இரவில் உளையும், அதைக் குத்துகிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘சுருக்கு’ என்பதில் குத்தலோடு அது கணநேரத்தில் வந்து போவதும் அடங்கியிருக்கிறது. இந்த வேறுபாடுகள் ஹோமியோபதியில் மருந்தை மாற்றிவிடும்; எல்லாவற்றையும் ‘தர்த்’ ஆக்கிவிட்டால், பிரையோனியாவின் குத்தலும் ரஸ் டாக்ஸின் கடுப்பும் அந்தத் தாளில் ஒன்றாகிவிடும். ஹோமியோபதியை விட்டுத் தள்ளினாலும், மாரடைப்பைத் தசைப்பிடிப்பிலிருந்து பிரித்தறிய எந்த மருத்துவருக்கும் இதே சொற்கள் தேவைப்படுகின்றன. ‘மாரு அடைக்கிறாப்ல இருக்கு’ என்றவரை ‘மார்பில் வலி இல்லையாம்’ என்று மொழிபெயர்த்துவிட்டால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

தாகமும் அப்படியே. ‘தண்ணி தவிக்குது’ என்றால் குடிக்க வேண்டும் என்ற வேட்கை. ‘நாக்கு வறளுது’ என்றால் வாயில் ஈரமில்லை என்பது மட்டுமே. கேட்டுப் பார்த்தால் அவர் காலையிலிருந்து அரை டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காதவராக இருப்பார். முன்னது பிரையோனியாவை நினைவூட்டும், பின்னது பல்சட்டில்லா என்ற மற்றொரு மருந்தை. ‘இழுப்பு’ என்ற சொல்லில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒருவர் வாயில் அது மூச்சிரைப்பு, மற்றொருவர் வாயில் வலிப்பு, மூன்றாமவர் வாயில் நரம்பு இழுத்துப் பிடிப்பது. “இழுப்புன்னா எப்படிச் செய்யுது?” என்று கேட்காமல் அதை மொழிபெயர்க்காதீர்கள்.

உங்களால் செய்யக்கூடியது இதுதான். துயரர் சொன்ன முதன்மையான வாக்கியங்களை அவர் சொன்ன தமிழிலேயே, கொச்சையைத் திருத்தாமல், பதிவேட்டின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். அதன்பிறகு இந்தியில் விளக்குங்கள். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டச் சொல்லுங்கள். துருவுவதையும் குத்துவதையும் அமுக்குவதையும் விரல் தெளிவாகக் காட்டிவிடும். ஒவ்வொரு குறியையும் புதிய வரியில் எழுதி, கீழே இடம் விட்டு வைக்கச் சொல்வார் ஹானிமன், பின்னால் நினைவுக்கு வருவதை அங்கே சேர்க்கலாம் என்பதற்காக. துயரர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்பதும், ஆம் இல்லை என்று பதில் வரும்படி கேட்கக்கூடாது என்பதும் அவர் வகுத்த விதிகளே. “நடந்தா வலிக்குதா?” என்று நீங்கள் கேட்டால், மரியாதைக்காகவே ஆமாம் என்பார்கள் நம் ஆட்கள். “எப்பக் கூடுது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிரையோனியா 30 கேட்டதாம். அதையே கடையில் வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், முலுண்ட்

பதில்: வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் வரலாறு அவருடையது. நோயின் பெயர் ஒன்று என்பதால் மருந்தும் ஒன்றாகாது என்பதே ஹோமியோபதியின் அடிப்படை. அம்மாவின் முழங்கால் வீங்கியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா, காய்ச்சல் உண்டா, விழுந்தாரா என்பவற்றை எலும்பு மருத்துவர் ஒருவர் முதலில் பார்க்கட்டும். சர்க்கரைக்கோ இரத்தக் கொதிப்புக்கோ அவர் மாத்திரை சாப்பிட்டுவந்தால், யார் சொன்னாலும், நான் சொன்னாலும்கூட, அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. இன்னொன்று: உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல், மாலையில் காய்ச்சல் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் முழங்காலைவிட அது எனக்குக் கவலை தருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்கிறார்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வருமுன்பே அழைத்துப் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: நான் இரண்டு ஆண்டுகளாக ஹோமியோபதி சிகிச்சை பெறுகிறேன். என் வரலாற்றை மாணவர்களுக்குப் பாடமாகக் காட்ட டாக்டர் அனுமதி கேட்கிறார். ஹோமியோபதியில் மனக்குறிகள், கனவுகள், குடும்பத்துச் சண்டைகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேனே, தயக்கமாக இருக்கிறது. கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, டோம்பிவிலி

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது, மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுத்ததால் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக்கூடாது. மற்ற மருத்துவத்தில் ஒருவரின் பதிவேடு களவுபோனால் அவருடைய நோய் தெரியவரும்; எங்கள் பதிவேடு களவுபோனால் மனிதரே தெரியவருவார். மாமியாரைப் பற்றிச் சொன்னதும், பதினைந்து வயதில் நேர்ந்ததும் அதில் இருக்கும். பெயரை நீக்கிவிட்டோம் என்பது போதாது. டோம்பிவிலியில் தமிழ்க் குடும்பம், கணவர் இன்ன இடத்தில் வேலை, இரண்டாவது குழந்தை இப்படிப் பிறந்தது என்று மூன்று செய்திகள் சேர்ந்தால், உங்கள் கட்டடத்தில் உள்ளவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

கொடுக்க விரும்பினால், எதைச் சொல்லப் போகிறார்கள் என்பதை எழுதி வாங்கிப் படித்துப் பாருங்கள். ஊர், தொழில், குழந்தைகளின் எண்ணிக்கை போன்ற, மருந்தைத் தேர்வு செய்ய உதவாத செய்திகளை மாற்றவோ நீக்கவோ சொல்லுங்கள். வகுப்பில் வாய்மொழியாகச் சொல்வதற்கும், அச்சிடுவதற்கும், வீடியோ எடுத்து வைப்பதற்கும் தனித்தனியாக எழுத்தில் ஒப்புதல் கொடுங்கள். ஒன்றுக்குக் கொடுத்தது மற்றொன்றுக்கு ஆகாது என்று அதிலேயே எழுதுங்கள். அத்துடன் என் சார்பாகவும் ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த இரண்டு ஆண்டுகளில் எந்தெந்த மருந்து கொடுத்துப் பயன் இல்லாமல் போயிற்று, நடுவில் நீங்கள் வேறு யாரிடம் போய் என்ன சாப்பிட்டீர்கள், எது இன்னும் குறையாமல் இருக்கிறது என்பவற்றையும் அந்த வரலாற்றில் விடாமல் சொல்ல வேண்டும்.